நிலவறைக்குள் எவ்வளவு காற்று

இந்தப் பக்கம் உக்காருங்ணா, அந்த முனை ஆடும். இந்தத் தோள்ல மட்டும் இடிச்சுடாதீங்க, காறை எலும்பு ரெண்டா போயிருக்கு. மூக்குல கட்டு இருக்கறதால பேச்சு ஒரு மாதிரி கேக்கும், கண்டுக்காதீங்க. நீங்க எதுக்கு வந்தீங்க? வண்டி காணோமா? கிடைச்சுடும்ணா, வண்டிதானே. என் விஷயம் அப்படி இல்ல.

என்னை அடிச்சவன் உள்ளதான் இருக்கான். கம்பி ஜன்னல் வழியா பாருங்க, நீலச் சட்டை, தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான். ஜெயசீலன். கவர்மென்ட் ஸ்கூல்ல டிராயிங் வாத்தியார். பிளஸ் ஒன்ல இருந்து எனக்குக் கூட்டாளி. ஏட்டய்யா புகாரை எழுதி வெச்சுட்டார். இன்ஸ்பெக்டர் வந்ததும் நான் கையெழுத்து போட்டா எஃப்.ஐ.ஆர். எஃப்.ஐ.ஆர். வந்துச்சுன்னா அவனுக்கு வேலையில சஸ்பெண்ட். போடத்தான் போறேன். ஏன் போடக் கூடாது?

எதுல அடிச்சான்னு கேளுங்க. அரிசி அளக்கற பித்தளைப் படி. அந்தக் காலத்து கனமான படிங்ணா. அதுல பகடை போடுவோம், மேசையை விட்டு உருண்டு ஓடாம இருக்கும்னு. அந்தப் படியில அடிச்சான். எதுக்கு அடிச்சான்னா, நான் ஒரு கணக்கை சரியா போட்டதுக்கு. தப்பா போட்டு அடி வாங்கினாக்கூட மனசு ஆறும்.

நான் பிசிக்ஸ் நடத்தறேன்ணா. கோச்சிங் சென்டர்ல. குணவேந்தன் சார்னா இந்த ஏரியாவுல டாக்டருக்குப் படிக்கற பிள்ளைங்க அத்தனை பேருக்கும் தெரியும். போர்டுல போட்ட கணக்கை அழிச்சு நான் திருப்பிப் போட்டதில்லை. சும்மா சொல்லலைங்ணா, பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க.

இது ஒரு ஆட்டம். மேசையைச் சுத்தி நாலு பேர் உக்காந்து கதை பேசி ஆடறது. ஒருத்தன் கதைசொல்லி, எங்களுக்கு சீலன், ஊரு, காடு, எதிரி, கடைக்காரன் எல்லாம் அவன்தான். மத்தவங்க ஆளுக்கு ஒரு வேஷம். பூபதின்னு செல்போன் கடை வெச்சிருக்கான், அவன் வாள்வீரன். ஷீபான்னு பேங்க்ல வேலை பாக்கற பொண்ணு, அது வைத்தியச்சி. நான் மந்திரவாதி, பேரு அழல்வேந்தன். நெருப்பு, இடி, மின்னல், தண்ணி, எல்லாம் எங்கிட்ட இருக்கு. சண்டை வந்தா பகடையைப் படியில போடுவோம், விழற எண்ணுக்கு ஏத்த மாதிரி அடி விழும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சீலன் வீட்டு மாடியில. சின்னப் பிள்ளை விளையாட்டுன்னு சிரிக்காதீங்க, இதுக்குன்னு தடி தடியா விதிப் புத்தகம் இருக்கு.

இந்த ஆட்டத்தை சீலனுக்கு வாங்கிக் குடுத்ததே நான்தான். இதைக் கேளுங்க முதல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி அவன் பொண்ணு போயிட்டா. இனியா. எட்டு வயசு. இன்வெர்ட்டர் பேட்டரி கருகி வீடு பூரா புகை, இவ உள் ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தூங்கியிருக்கா. உடம்புல ஒரு தீக்காயம் கிடையாதுங்ணா. ஆஸ்பத்திரி வாசல்ல என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு, "அவளுக்கு வலிச்சிருக்குமாடா குணா? என்னைக் கூப்பிட்டிருப்பாளா?"ன்னு கேட்டான். அங்க வேற யாருக்கும் பதில் தெரியல. நான்தான் சொன்னேன். கார்பன் மோனாக்சைடுடா, ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார்ற இடத்துல போய் உக்காந்துக்கும், தூங்கறவங்க தூங்கிட்டே போயிடுவாங்க, வலியும் தெரியாது, கூப்பிடவும் தோணாதுன்னு. என் கையை ரெண்டு கையால புடிச்சுட்டு அழுதான். அன்னிக்கு அவனுக்கு உதவினது என் பிசிக்ஸ்.

அப்புறம் மனுஷன் ஸ்கூல் விட்டா வீடு, வீடு விட்டா ஸ்கூல். வாயைத் திறக்க மாட்டான். அவன் சம்சாரம் என்கிட்ட சொல்லி அழுதுச்சு. அதுக்காகத்தான் இந்த ஆட்டத்தை வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். நீ கதை சொல்லுடா, நாங்க ஆடறோம்னேன். புடிச்சுக்கிட்டான். நெய்க்குன்றம்னு ஒரு ஊரு பண்ணினான் பாருங்க, செக்கு, சந்தை, கோட்டைச் சுவர்னு ஒவ்வொண்ணையும் வரைஞ்சு கொண்டு வருவான். ஓநாய்த் தோலைப் போத்திக்கிட்டு ஒரு கொள்ளைப்படை, அவங்ககிட்ட இருந்து ஊரைக் காப்பாத்தறதுதான் எங்க வேலை.

அந்த ஊர்ல ஒரு குட்டிப் பொண்ணு. செம்பான்னு பேரு. விளக்கெண்ணெய் விக்கற பொண்ணு. இவன்தான் குரலை ஒல்லியாக்கிக்கிட்டு அவளா பேசுவான். "மந்திரவாதிண்ணா, நாளைக்கும் வருவீங்கல்ல?"ன்னு கேக்கும். அந்தப் பொண்ணு வந்துட்டா போதும், சண்டை கிண்டை எல்லாம் நின்னு போயிடும். பொரி உருண்டை வாங்கறதுக்கு அரை மணி நேரம் பேரம். ஒரு நாள் பூரா கோட்டைக்குக் கீழ இருக்கற நிலவறையைச் சுத்திக் காட்டுச்சு. படை வந்தா ஊர்ப் பொம்பளைங்களும் பிள்ளைங்களும் ஒளியற இடம். முன்னாடி ஒரு அறை, அதுல தானியமும் எண்ணெய்ச் சாடியும். அதுக்குப் பின்னாடி கதவு போட்ட உள் அறை. உள் அறை மூலையில ஒரு கிணறு, மேல முற்றத்துல ஆரம்பிச்சு கீழ வரைக்கும் வரும், ஒளிஞ்சு இருக்கறவங்க குடிக்கறதுக்கு. செம்பா கயித்தை இழுத்து இழுத்து எண்ணிக் காட்டுச்சு. "அஞ்சு, ஆறு, எட்டு"ன்னு. ஏழு வராது. இனியாவும் அப்படித்தான் எண்ணுவா, ஏழு மட்டும் வாயில வராது. எனக்குத் தெரியாம இல்லைங்ணா. எனக்கும் மனசு ஒரு மாதிரிதான் ஆச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு லீவு, நான் ஓநாய்ப்படையை அடிக்க வந்தவன், தண்ணி சேந்தறதை எவ்வளவு நேரம் பாக்கறது?

அப்பத்தான் ஆட்டத்துல நான் பிசிக்ஸைக் கொண்டு வந்தேன். விதிப் புத்தகத்துல மின்னல் மந்திரம்னா நேர்க்கோட்டுல போகும், நடுவுல நிக்கறவன் மட்டும் சாவான்னு போட்டிருக்கு. ஓநாய்ப்படை முழங்கால் அளவு உப்புச் சதுப்புல நடந்து வருது. நான் சொன்னேன், சீலா, உப்புத் தண்ணியில மின்சாரம் கோடு போட்டுட்டுப் போகாதுடா, விரியும். யோசிச்சான். சரிடான்னுட்டான். விட்டேன் பாருங்க ஒரு மின்னல்! ஒருத்தனும் தப்பல. தசை இழுத்து, பல்லு கிட்டி, நாக்குத் துண்டாகி, சேத்துல ஒருத்தன் மேல ஒருத்தனா விழுந்தானுங்க. பூபதி எந்திரிச்சு நின்னு கை தட்டினான்.

அடுத்த வாரம் படையில மிச்சம் இருந்தவனுங்க எங்க சுவத்து மேல ஏறிட்டானுங்க. எங்க மேல ஊத்தறதுக்குக் கொப்பரையில எண்ணெய் காய்ச்சறானுங்க. என்கிட்ட தண்ணி வரவழைக்கற மந்திரம் ஒண்ணு இருக்கு, தாகத்துக்குக் குடிக்கறதுக்குன்னு குடுத்தது. அதைக் கொப்பரைக்குள்ள ஊத்தினேன். கொதிக்கற எண்ணெயில தண்ணி விழுந்தா என்ன ஆகும்? உங்க வீட்டம்மாவைக் கேட்டாலே சொல்வாங்க. தண்ணி அடியில போய் ஒரே நொடியில ஆவியாகி, எண்ணெயைத் தூக்கி வீசும். அது அடுப்பு நெருப்புல பத்திக்கும். சுவத்து மேல நின்ன அத்தனை பேரு மேலயும் எரியற எண்ணெய். தோலு சட்டை மாதிரி கழண்டு வந்துச்சுன்னு நான்தான் சொன்னேன். சீலன் தண்ணி குடிச்சுட்டு வரேன்னு கீழ போனான். ரொம்ப நேரம் வரல. அவனுக்கு அல்சர் உண்டுங்ணா, அதுதான் போலன்னு நெனச்சேன்.

ஆனா ஒண்ணு, அன்னிக்குப் படியைத் தொட்டு எல்லாரும் ஒத்துக்கிட்டோம். இனிமே நிஜ உலகத்துல என்ன நடக்குமோ அதுதான் இங்கயும் நடக்கும். விதிப் புத்தகம் அப்புறம்தான். சீலனும் தொட்டான். இதை ஏட்டய்யாகிட்டயும் சொன்னேன், எழுத மாட்டேங்கறார்.

இப்ப போன ஞாயிறுக்கு வாங்க. கடைசி சண்டை. ஊர் விழுந்துருச்சு. பொம்பளைங்க, பிள்ளைங்க, செம்பா எல்லாம் நிலவறை உள் அறையில, கதவுக்கு உள்பக்கம் தாழ். முன் அறைக்குள்ள ஓநாய்ப்படை புகுந்துருச்சு, கோடாலியால கதவை வெட்டறானுங்க. பூபதிக்கு வயித்துல ஈட்டி, குடலைக் கையால புடிச்சுட்டு நிக்கறான். ஷீபாவுக்கு ஒரு கை இல்ல. நிலவறைப் படிக்கட்டு மேல நான் மட்டும்தான் முழுசா இருக்கேன். என்கிட்ட நெருப்பு உருண்டை ஒண்ணு பாக்கி.

ஷீபா வேண்டாம்னுச்சு. "சார், கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க இருக்காங்க சார்"ன்னு. நான் கேக்கல. போட்டேன். பகடை எல்லாம் நல்லா விழுந்துச்சு. நான் விவரமா சொன்னேன், அது என் உரிமை. மூடின அறை, காத்து சூடாகி விரியுது, முதல்ல காதுச் சவ்வு கிழியுது, அப்புறம் நுரையீரல். ஓநாய்த் தோல் பத்திக்குது. எண்ணெய்ச் சாடி ஒண்ணொண்ணா வெடிக்குது. படிக்கட்டுல ஏறி ஓடி வந்தவன் என் காலைப் புடிக்கறான், அவன் விரல்ல சதை இல்ல. படை முடிஞ்சுது. ஒரே மந்திரத்துல மொத்தப் படையும். இதை எவனாவது ஆடியிருக்கானா?

சீலன் சொன்னான், "நெருப்பு கதவைத் தாண்டல. கதவு திறக்குது. எல்லாரும் வெளிய வராங்க. முதல்ல செம்பா வரா."

எப்படி வருவா?

நீங்களே சொல்லுங்க. இத்தனை நாள் மின்னலுக்கு பிசிக்ஸ், எண்ணெய்க்கு பிசிக்ஸ், இப்ப மட்டும் புத்தகமா? நெருப்பு தாண்டல, சரி. புகை? தானியமும் எண்ணெயும் எரியுது. கதவைத்தான் கோடாலியால வெட்டி ஓட்டை போட்டிருக்கானுங்களே. சீலா, அந்த அறைக்குள்ள எவ்வளவு காத்து இருக்கும், எத்தனை பேரு இருக்காங்கன்னு கேட்டேன். நானே கணக்குப் போட்டேன். நாலு நிமிஷம். அவ்வளவுதான். அவன் "செம்பா வெளிய வரா"ன்னு மறுபடியும் சொன்னான். செம்பா குரல்லயே, "மந்திரவாதிண்ணா, முடிஞ்சுதா?"ன்னு கேட்டான்.

நான் சொன்னேன், "சீலா, அவ செத்துட்டாடா."

பூபதி என் காலை மேசைக்கு அடியில மிதிச்சான். எனக்குக் கோவம். ஏமாத்தறதுக்கு இவனும் கூட்டான்னு. அதனால தெளிவா எடுத்துச் சொன்னேன், கிளாஸ்ல சொல்ற மாதிரி. இவங்க தூங்கல, முழிச்சுட்டு இருக்காங்க. அதனால சும்மா போக மாட்டாங்க. இருமல் வரும். கதவைத் தட்டுவாங்க, தாழ் சூட்டுல கையை ஒட்டிக்கும். பிள்ளைங்க அழும், அழ அழ மூச்சு வேகமா இழுக்கும், புகை இன்னும் வேகமா உள்ள போகும். சின்ன உடம்பு, அதனால முதல்ல போறது அவதான்னு சொன்னேன். இதுல ஒரு வார்த்தை தப்புன்னு யாராவது நிரூபிக்கட்டும்.

படியில இருந்த பகடையெல்லாம் தரையில கொட்டுச்சு. அதுதான் நான் பாத்தது. முதல் அடி மூக்குல. எலும்பு உடையற சத்தம் வெளியில இருந்து கேக்காதுங்ணா, தலைக்குள்ள கேக்கும். நான் கையைத் தூக்கினேன், ரெண்டாவது அடி காறை எலும்புல. சேரோட பின்னாடி விழுந்தேன். மேல ஏறி உக்காந்துட்டான். நானும் சும்மா இல்ல, முழங்காலால அவன் விலாவுல குத்தினேன், கையைக் கடிச்சேன், ரத்தம் வந்துச்சு. அவனுக்கு உறைக்கவே இல்ல. படியைத் தூக்கறான், இறக்கறான். வாயில ஒரு சத்தம் இல்லைங்ணா. திட்டினாக்கூட மனுஷன்னு நெனைக்கலாம். பூபதியும் ஷீபாவும் ஆளுக்கு ஒரு கையைப் புடிச்சு இழுத்தாங்க. என் பல்லு ரெண்டு தரையில பகடையோட பகடையா கிடந்துச்சு. கீழ இருந்து அவன் சம்சாரம் ஓடி வந்துச்சு. என்னைத் தூக்கல. அவனைக் கட்டிப் புடிச்சுக்கிச்சு.

இத்தனையும் ஏட்டய்யாகிட்ட சொன்னேன். பாதி வரைக்கும் எழுதினவர் பேனாவை வெச்சுட்டு, "நெய்க்குன்றம் எந்த லிமிட்டுல வருது சார்? அந்தப் பொண்ணு பாடி எங்க இருக்கு?"ன்னு கேட்டார். அய்யா, அது கதையில இருக்கற பொண்ணுன்னேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "அப்ப பொழைச்சுதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே சார்"ங்கறார். பாருங்க, என் தோள் ரெண்டா கிடக்கு, அவருக்குக் கவலை செம்பாவைப் பத்தி. நீங்ககூட இப்ப அதைத்தானே கேக்க வந்தீங்க? முகத்துல தெரியுது.

ஷீபா ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டு, "சார், ஒரு ஜன்னல் இருந்துச்சுன்னு சொல்லிருங்க சார், போதும். அவரு சோறு தண்ணி இறங்காம கிடக்காரு. அந்தக் குழந்தை ரெண்டு தடவை சாகணுமா சார்?"ன்னு கேட்டுச்சு. நிலவறையில ஏதும்மா ஜன்னல்? பூமிக்குள்ள ஜன்னல் வெச்சு எதைப் பாக்கறது? விளையாட்டு வேற, நிஜம் வேறன்னு தெரியாதவங்க எல்லாம் எதுக்கு ஆட வரணும்னு கேட்டேன். பழத்தை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

அப்புறம்தான் ஒரு வேடிக்கை. இதை உங்ககிட்ட மட்டும் சொல்றேன். முந்தா நேத்து நர்ஸ் பொண்ணு மாத்திரையை எண்ணி என் கையில போட்டுச்சு. அஞ்சு, ஆறுன்னு. ஏழுன்னு சொன்னதும் எனக்கு என்னமோ இடிச்சுது. எட்டுல்ல வரணும்? அப்படியே செம்பா ஞாபகம். கயிறு. அட, அந்த உள் அறையில கிணறு இருக்குதே! மேல முற்றத்துல திறந்து கிடக்கற கிணறு. அது பாட்டுக்கு வந்து நின்னுச்சுங்ணா, என் முழுக் கணக்கும் தலைகீழ். பாருங்க, முன் அறையில நெருப்பு, சூடான புகை படிக்கட்டு வழியா மேல ஏறிடும். அது மேல போகப் போக, அதுக்குப் பதிலா காத்து எங்கிருந்தாவது உள்ள வந்தாகணும். எங்கிருந்து வரும்? கிணத்துல இருந்து. நல்ல காத்து கிணத்து வழியா இறங்கி, உள் அறையைக் கடந்து, கதவு ஓட்டை வழியா நெருப்பைப் பாத்துப் போகும். புகை உள்ள வரவே வராது. நெருப்பு பெருசாகப் பெருசாக இவங்களுக்குக் காத்து அதிகமா வரும். செங்கல் சூளையெல்லாம் எப்படி எரியுது? அதே கணக்குதான். கிணத்தடியில உக்காந்திருந்தவங்களுக்குக் குளிரக்கூடக் குளிரும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.

ஆமாங்ணா. பொழைச்சிருப்பா. சந்தேகமே இல்ல.

சொல்லிட்டேனான்னு கேக்கறீங்களா? எப்படிச் சொல்றது? சொன்னா, கிணத்தை விட்டுட்டு கணக்குப் போட்டேன்னு ஆகாதா? மூக்கையும் உடைச்சுக்கிட்டு, கணக்கும் தப்புன்னு ஒத்துக்கிட்டு, எந்த மூஞ்சியோட கிளாஸுக்குப் போறது? அவனுக்கும் தெரிஞ்சிருக்கணும்ல, கிணத்தைத் தோண்டினவனே அவன்தானே. அவன் எடுத்துச் சொல்லியிருந்தா அன்னிக்கே ஒத்துக்கிட்டிருப்பேன். படியைத் தூக்கினான்.

இன்னிக்குக் காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி அவன் வந்தான். யாரும் கூட்டிட்டு வரல, தானா வந்து, "ஆமா, நான்தான் அடிச்சேன், எழுதிக்கங்க"ன்னு ஏட்டய்யாகிட்ட சொல்லிட்டு, நேரா இங்க வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் உக்காந்தான். கையில நான் கடிச்ச காயம் அப்படியே இருக்கு, கட்டுகூடப் போடல. மன்னிப்புக் கேக்கப் போறான்னு நெனச்சேன். கேட்டிருந்தா நான் இறங்கி வந்திருப்பேங்ணா, சத்தியமா. எத்தனை வருஷத்துப் பழக்கம்.

அவன் கேட்டது என்ன தெரியுமா? ரொம்ப மெதுவா, "குணா, ஆஸ்பத்திரியில நீ ஒண்ணு சொன்னே, ஞாயித்துக்கிழமை ஒண்ணு சொன்னே. எது நிஜம்? அவ என்னைக் கூப்பிட்டிருப்பாளாடா?"ன்னான்.

செம்பாவுக்கு ஏதுங்ணா அப்பன்? அவ எதுக்கு இவனைக் கூப்பிடணும்? இருந்தாலும் கேள்வின்னு வந்துட்டா பதில் சொல்லித்தானே பழக்கம். முழிச்சிருந்தா முதல் ரெண்டு நிமிஷம் கூப்பிட்டிருப்பா, அதுக்கு மேல முடியாதுன்னு சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டான். எந்திரிச்சு உள்ள போய், அந்தா, அப்ப உக்காந்தவன்தான்.

கிணத்தைப் பத்தி அவன் கேக்கல.

இன்ஸ்பெக்டர் ஜீப் வந்துருச்சு போல. கூப்பிடறாங்க பாருங்க, என் பேருதான். ஒத்தைக் கையால எந்திரிக்க முடியலைங்ணா, கொஞ்சம் புடிச்சுத் தூக்கி விடுங்க. ஏனுங்ணா, தள்ளி உக்கார்றீங்க? அந்த முனை ஆடும்னு சொன்னேனே.